குறிசுடும் பயிற்சிக்கு முதல் .22 பிஸ்டல்: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளப்பில் சேர்ந்து நாலைந்து வாரம் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகியதும் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, விலை கம்மியா, நல்லதா ஒரு பிஸ்டல் சொல்லுங்க" என்று சீனியர்களிடம் கேட்காத புது ஆளே கிடையாது. ஆளுக்கு ஒரு பெயரைச் சொல்வார்கள், எல்லாம் நல்ல துப்பாக்கியாகத்தான் இருக்கும், ஆனால் அவை உங்களுக்கு நல்லதா என்பது வேறு விஷயம். பெயரை விடுங்கள். பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறதா, தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் உதிரிப்பாகமும் இங்கே கிடைக்குமா, அதில் போடும் தோட்டாவை மாதாமாதம் வாங்க உங்கள் சம்பளம் இடம் கொடுக்குமா, இந்த மூன்றையும் பார்த்தாலே பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

அதற்கு முன்னால் சட்டம். இதைத் தாண்டிவிட்டு விலையைப் பேசுவதில் அர்த்தமே இல்லை. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. நிறையப் பேருக்குத் தெரியாதது, அந்தச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான், துப்பாக்கியின் உதிரிப்பாகமும் ஆயுதம்தான். வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு குழலையோ, தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டையோ மலிவாகப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டு, பார்சல் வந்தால் சரி என்று இருந்துவிட முடியாது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கடும் தண்டனைச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் சொல்கிறது. லைசென்ஸ் கொடுப்பது மாநிலப் போலீஸ் தலைவரின் அதிகாரம். கொடுப்பதா, எத்தனை தோட்டாவுக்கு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. அதனால் துப்பாக்கிக்கு முன்பணம் கட்டிவிட்டு லைசென்ஸுக்கு ஓடாதீர்கள். கிளப் உறுப்பினராகி, ஒழுங்காக வந்து சுட்டு, உங்கள் பெயர் கிளப் பதிவில் தொடர்ந்து வரும்படி செய்துகொண்டு, அப்புறம் கிளப் செயலாளரிடமும் உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகத்திலும் கேளுங்கள். கிளப் துப்பாக்கியிலேயே வருஷக்கணக்கில் சுட்டு மெடல் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. அவர்களுக்கும் இந்தக் கட்டுரை பயன்படும், ஏனென்றால் கிளப் அலமாரியில் இருக்கும் நாலு துப்பாக்கியில் எதைக் கேட்டு வாங்குவது என்பதும் தேர்வுதானே.

சரி, ஏன் .22, அதாவது 0.22 அங்குலத் தோட்டா? 9 மி.மீ. பிஸ்டலில் ஓடிக்கொண்டே சுடும் ஐபிஎஸ்சி போட்டிக்கு இங்கே நல்ல ஆதரவு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு நேராக 9 மி.மீ. கேட்டு வரும் தம்பிகள் நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் .22 லாங் ரைஃபிள் தோட்டாவோடு ஒரு வருஷம் இருங்கள். 1887இல் இருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா அது. குண்டின் எடை வழக்கமாக 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம்தான். உதைப்பு மிகக் குறைவு, சத்தமும் குறைவு. புதிதாகச் சுடுபவரைக் கெடுப்பது உதைப்பை எதிர்பார்த்து விசையை இழுக்கும் அதே கணத்தில் மணிக்கட்டைக் கீழே தள்ளும் பழக்கம்தான், அது ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. .22இல் தொடங்கியவருக்கு அந்தப் பயம் வேர்விடாது. அதோடு 9 மி.மீ. தோட்டா ஒன்றின் விலைக்கு .22இல் பல தோட்டா சுடலாம். ஒலிம்பிக்கில் பெண்கள் சுடும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியே .22இல்தான் நடக்கிறது, ஆகவே இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி பிடி. முழுக் கட்டுரையிலும் ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். துப்பாக்கி காலி என்று நீங்களும் பக்கத்தில் இருப்பவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, களத்தில் இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கையை உங்களுக்கு வசதியான உயரத்துக்குத் தூக்குங்கள், அப்புறம் கண்ணைத் திறந்து பாருங்கள். குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நிற்கிறதா? இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கியிருந்தால், மேலே தூக்கிக்கொண்டோ கீழே தொங்கிக்கொண்டோ இருந்தால், அந்தப் பிடி உங்கள் கைக்கு இல்லை. மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்யலாம், ஆனால் 40ஆவது தோட்டாவில் கை தளரும்போது மணிக்கட்டு தன் இயல்பான இடத்துக்குப் போய்விடும், குண்டும் அங்கேயே போகும். ஐந்தாறு முறை இப்படிச் செய்து பாருங்கள். அடுத்தது விரல். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதைப் பகுதி விசையின் மேல் நேராக உட்கார வேண்டும், விரலின் மற்ற பகுதி பிடியின் பக்கவாட்டில் உரசக் கூடாது, உரசினால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் துப்பாக்கியையும் சேர்த்துப் பக்கத்தில் தள்ளுவீர்கள். நம்மில் சின்னக் கை உள்ளவர்கள் நிறைய. அமெரிக்கப் பெரிய கைக்கென்று செய்த பிடியைப் பிடித்துக்கொண்டு "எனக்குச் சுட வரவில்லை" என்று சோர்ந்துபோன அக்காக்களையும் தங்கச்சிகளையும் பார்த்திருக்கிறேன். சுட வராதது அவர்களுக்கு அல்ல, பிடி பொருந்தவில்லை, அவ்வளவுதான். இடது கைக்காரர்கள் பாதுகாப்பு லீவரும் மேகசின் பொத்தானும் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். போட்டித் துப்பாக்கிகளில் உள்ளங்கையை அணைக்கும் மரப்பிடி இருக்கும், அது வலது கைக்குச் செய்தது என்றால் இடது கையில் பிடிக்கவே முடியாது.

விசையைப் பற்றிக் கொஞ்சம். சர்வதேசச் சுடும் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி 25 மீட்டர் பிஸ்டலுக்கு விசை எடை குறைந்தது 1,000 கிராம், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். விலை குறைந்த .22 பிஸ்டல்கள் தொழிற்சாலையில் இருந்து வரும்போது இதைவிடக் கனமாக, இரண்டு கிலோ அளவில்கூட இருக்கும். கனத்தைவிட மோசமானது இழுக்கும்போது கரடுமுரடாக நகர்ந்து நகர்ந்து போவது, எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரியாமல் இருப்பது. கனமாக இருந்தாலும் ஒரே இடத்தில் சுத்தமாக விடுபடும் விசையோடு நன்றாகப் பழகலாம். விசையை நீங்களே அரத்தால் தேய்க்கப் போகாதீர்கள், இன்னொருவர் வீட்டில் வைத்துத் தேய்த்ததையும் வாங்காதீர்கள். விசையை இழுக்கும் வரை சுடும் பாகத்தைப் பிடித்து வைக்கும் கொக்கிதான் சியர், தேய்த்த சியர் ஒருநாள் தானாக விடுபட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சைட் விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை, பின் சைட் மேலும் கீழும், இடமும் வலமும் திருகி நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். நிலையான சைட் உள்ள பிஸ்டல் பயிற்சிக்கு உதவாது, ஏனென்றால் தோட்டா மாறினால் அடிக்கும் இடமும் மாறும். குழல் ஐந்தரை அங்குலம், அதாவது 140 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். குழல் நீண்டால் இரண்டு சைட்டுக்கும் இடையிலான தூரமும் நீளும், உங்கள் தவறு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், கற்றுக்கொள்வதற்கு அது நல்லது. போட்டிக்கும் போகும் எண்ணம் இருந்தால் குழல் 153 மி.மீ.க்கு மேலும், மொத்த எடை 1,400 கிராமுக்கு மேலும் போகக் கூடாது. சிவப்புப் புள்ளி சைட் ஐஎஸ்எஸ்எஃப் பிஸ்டல் போட்டிகளுக்கு ஆகாது, கண் பார்வை மங்கிய பெரியவர்கள் சும்மா பயிற்சிக்கு மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது பெயர்கள். விலை குறைந்த வரிசையில் உலகம் முழுக்கப் பேசப்படுவது மூன்று: ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டபிள்யூ 22 விக்டரி. மூன்றிலும் குழல் அசையாது, பின் சைட் சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் பாகத்தில் இல்லாமல் அசையாத பாகத்தில் இருக்கிறது, மூன்றுக்கும் பத்துத் தோட்டா மேகசின். ரூகர் நிறுவனம் தொடங்கியதே 1949இல் இந்த .22 பிஸ்டலின் மூதாதையோடுதான், 2016இல் வந்த மார்க் 4இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி பிரிந்துவிடும். அதற்கு முந்தைய மார்க் 3ஐப் பிரித்துத் திரும்பப் பூட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, பழையது மலிவாகக் கிடைத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரூகரின் பிடி நன்றாகச் சாய்ந்தது, அது சிலருக்கு அப்படியே பொருந்தும், சிலருக்கு முன் சைட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் 22/45 என்ற வகையைக் கேட்டுப் பாருங்கள், பிடி 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டல் மாதிரி நிமிர்ந்தது, எடையும் குறைவு. பக் மார்க்கின் விசை தொழிற்சாலையில் இருந்து வரும்போதே சுத்தமாக இருக்கும், என் மனசுக்கு அதுதான் முதலிடம். விக்டரி துருப்பிடிக்காத எஃகு, ஒரு கிலோ எடை, நம்ம ஊர் வியர்வைக்கு ஏற்றது.

வால்த்தர் பி22, ரூகர் எஸ்ஆர்22, டாரஸ் டிஎக்ஸ்22, கிளாக் 44 போன்றவை வேறு இனம். பெரிய பிஸ்டலைப் போல, குழலை மூடியிருக்கும் ஸ்லைடு என்ற மேல்பாகம் சுடும்போது முன்னும் பின்னும் ஓடும், பின் சைட் அந்த ஸ்லைடின் மேல் இருக்கும். விலை கவர்ச்சியாக இருக்கும், சுடுவதற்கும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 25 மீட்டரில் தாளில் சின்ன வட்டம் தேடுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். பார்தினி, மோரினி, வால்த்தர் ஜிஎஸ்பி, ஃபைன்வெர்க்பாவ் எல்லாம் போட்டித் துப்பாக்கிகள், மேலே சொன்ன மூன்றைவிடப் பல மடங்கு விலை. மாதம் இரண்டு முறை களத்துக்கு வருபவருக்கு அது தேவையில்லை. 25 மீட்டர் நிதானச் சுடுதல் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. நல்ல தோட்டா போட்டு, மேசையில் தாங்குவைத்துச் சுட்டால் ரூகரோ பக் மார்க்கோ பெரும்பாலும் அந்த அளவுக்குள்ளேயே துளைகளைச் சேர்த்துவிடும். கையால் தூக்கிச் சுட்டு அதே வட்டத்துக்குள் வைக்கும் வரை துப்பாக்கி உங்களைத் தடுக்கவில்லை.

இந்தப் பெயர்களை எல்லாம் படித்துவிட்டு நீங்கள் செய்ய வேண்டியது கடையில் போய்க் கேட்பது: இதற்கு இரண்டு கூடுதல் மேகசின் இப்போது கையில் இருக்கிறதா? தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுடுமுனை ஊசி உடைந்தால் வரவழைக்க எவ்வளவு நாள்? துப்பாக்கியும் பாகங்களும் இறக்குமதி அனுமதியோடு வர வேண்டியவை, லைசென்ஸ் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வரும், காத்திருப்பு நீளும். பதில் இழுபறியாக வந்தால் எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் விடுங்கள். கிளப்பில் ஏற்கெனவே நாலு பேர் வைத்திருக்கும் மாடலை வாங்குவதில் பெரிய லாபம் இருக்கிறது, அவசரத்துக்கு அனுபவம் கேட்க ஆள் இருக்கும்.

தோட்டாக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. வாரம் 100 தோட்டா, வருஷத்தில் 50 வாரம் என்றால் 5,000 தோட்டா. ஒரு தோட்டாவில் 30 சென் வித்தியாசம் என்றால் வருஷத்துக்கு 1,500 ரிங்கிட். துப்பாக்கியில் மிச்சம் பிடித்ததைத் தோட்டாவில் விட்டுவிடலாம், அதே மாதிரி திருப்பியும் நடக்கலாம். இலக்குச் சுடுதலுக்குச் சாதாரண வேகத் தோட்டா போதும், வினாடிக்கு 320, 330 மீட்டர் போகும், ஒலியின் வேகத்துக்குக் கீழே. போட்டித் துப்பாக்கிகள் அதற்கென்றே செய்தவை, அதிவேகத் தோட்டாவை அவற்றில் தொடர்ந்து போட்டால் பாகங்கள் அடிவாங்கும். ஸ்லைடு ஓடும் மலிவுப் பிஸ்டல்கள் சில, இதற்கு நேர்மாறாக, அதிவேகத் தோட்டா இல்லாமல் ஒழுங்காக இயங்காது. ஆகவே வாங்க நினைக்கும் பிஸ்டலில், களத்தில் எப்போதும் கிடைக்கும் சாதாரணத் தோட்டாவைப் போட்டு குறைந்தது ஐம்பது முறை சுட்டுப் பாருங்கள், எத்தனை முறை சிக்குகிறது என்று எண்ணுங்கள். ஒரே பிராண்டிலேயே வேறு வேறு வகையை மூன்று நான்கு முயன்று பார்ப்பது வீண் செலவு இல்லை. ஒரே அளவில் இருந்தாலும் ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு.

பழைய துப்பாக்கி வாங்கலாமா? தாராளமாக. வயதான உறுப்பினர்கள் நிறுத்தும்போது நல்ல துப்பாக்கிகள் வெளியே வரும், ஆனால் கைமாற்றமும் போலீஸ் அனுமதியோடுதான், வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளும் காரியம் அல்ல. பார்க்க வேண்டியது முதலில், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் விளிம்பு. .22 தோட்டாவில் வெடிமருந்தைத் தூண்டும் பொருள் அடிப்பகுதியின் விளிம்பில் இருப்பதால் சுடுமுனை ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப விசையை இழுத்திருந்தால் ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் மோதி அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பள்ளம் பெரிதாக இருந்தால் சுட்ட கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். சின்ன டார்ச் லைட்டும் பல்குச்சியும் வைத்தே கண்டுபிடிக்கலாம். அப்புறம் குழலின் வாய், அங்கே ஒரு கீறல் இருந்தாலும் குண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கிறதா, ஸ்லைடில் விரிசல் இருக்கிறதா, பிடிக்கு அடியில் துரு ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிடியைக் கழற்றிக் காட்ட மறுக்கும் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை, இலவசமாகக் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி அது. மார்க் 4 போல உற்பத்தியாளரே கையேட்டில் அனுமதித்த பிஸ்டலில் தயங்காமல் செய்யலாம், மற்றவற்றில் பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் போட்டுச் செய்யுங்கள். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலைக் கையை நீட்டித் தூக்கி, அரை நிமிஷம் ஆடாமல் பிடித்துப் பழகலாம், எடை கிட்டத்தட்ட ஒரு பிஸ்டலின் எடைதான். வீட்டில் பழகுவதற்கென்று நிஜத்தைப் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கியோ ஜெல் குண்டு துப்பாக்கியோ வாங்க வேண்டாம், போலி ஆயுதம் வைத்திருப்பதும் இங்கே குற்றம்.

ஏர் பிஸ்டலையும் யோசியுங்கள். சொல்லப்போனால் நிறையப் பேருக்கு அதுதான் சரியான முதல் துப்பாக்கி. 4.5 மி.மீ. ஈயக் குண்டு, 10 மீட்டர் தூரம், பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. மட்டும். சுடும் செலவு .22ஐவிடப் பல மடங்கு குறைவு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஜோனதன் வோங் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் போட்டியிட்டார். ஒருமுறை கையால் அழுத்திக் காற்றேற்றிச் சுடும் பைக்கால் 46எம் போன்ற பழைய ரஷ்யப் பிஸ்டல் எங்காவது கிளப்பில் இருந்தால் எடுத்துச் சுட்டுப் பாருங்கள், விலைக்கு மீறிய துல்லியம். குண்டு குழலில் மெதுவாகப் போவதால் விசை விடுபட்ட பிறகும் கையை அசைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் ஏர் பிஸ்டலில் தானாக வந்துவிடும், .22க்கு மாறும்போது அது பெரிய சொத்து.

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு முதல் நாளே உங்களுடையதாக இருக்கட்டும், பலர் மாட்டிய காதுமூடியில் வியர்வை ஊறியிருக்கும். .22 தோட்டாவில் ஈயம் உண்டு, குண்டிலும் உண்டு, தூண்டும் மருந்திலும் உண்டு. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவாமல் மாமாக் கடையில் போய் ரொட்டி சானாய் பிய்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் களத்துச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

பராமரிப்பில் நம்ம எதிரி ஈரம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம், பினாங்கில் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். பஞ்சு வைத்த பெட்டியிலேயே துப்பாக்கியை மாசக்கணக்கில் மூடி வைத்தால் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு துப்பாக்கிக்கே கொடுக்கும், பெட்டி எடுத்துச் செல்ல மட்டும்தான். சுட்டதும் வெளிப்பக்கம் மெல்லிசாக எண்ணெய் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், பைகளை அவ்வப்போது மாற்றுங்கள். குழலை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை, .22இல் அழுக்கு சேர்வது சேம்பரிலும் போல்ட் முகத்திலும்தான், அந்த இரண்டையும் பிரஷால் சுத்தம் செய்தால் பாதிச் சிக்கல்கள் வராது.

களத்தை விட்டுக் கிளம்பும்போது கால்சட்டைப் பை, சுடும் பையின் மூலை முடுக்கு, காரில் போட்டிருக்கும் தொப்பி என்று எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். .22 தோட்டா விரல் நுனி அளவுதான், எங்காவது ஒன்று தங்கிவிடும். லைசென்ஸில் கணக்கில்லாத ஒரு தோட்டா உங்களிடம் இருந்தாலும் அது சட்டப்படி குற்றம், அதே பையோடு விமான நிலையத்துக்குப் போனால் ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும். சுடுவதற்கென்று ஒரு பை, வேறு எதற்கும் அதை எடுக்காதீர்கள்.